அதிரும் குழாய்கள்: அலட்சியம் செய்தால் முதலுக்கே மோசம்

தொழில் நடத்தும் எவரிடமும் அவரது இயந்திரங்களைப் பற்றிக் கேட்டால் விபரங்கள் விரல் நுனியில் இருக்கும். கொம்பிரசர் எந்த நாட்டுத் தயாரிப்பு, மோட்டார் எத்தனை குதிரைவலு, பொயிலர் எத்தனை வருடப் பழசு, கடந்த மாத மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் கணக்குப் புத்தகம் பார்க்காமலே சொல்வார். ஆனால் அந்த இயந்திரங்களுக்கிடையே ஓடும் குழாய்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஒரு முறை பொருத்திவிட்டால் மறந்துவிடக்கூடிய சாமான்தான் குழாய் என்பதே எம்மில் பலரது எண்ணம்.

உண்மையில் இயந்திரத்தோடு சேர்ந்து குழாயும் இரவு பகலாக உழைக்கிறது. அரிசி ஆலையின் நீராவிக் குழாய், ஐஸ் தொழிற்சாலையின் அமோனியாக் குழாய், டயர் கடையின் காற்றுக் குழாய், ஆடை கழுவும் தொழிற்சாலையின் வெந்நீர்க் குழாய், ஹோட்டலின் பம்பி அறைக் குழாய் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நோய் இருக்கின்றது. அதுதான் அதிர்வு. குழாய் ஆடுவதும், நடுங்குவதும், இடையிடையே "டொக்கு டொக்கு" என்று அடிப்பதும் நாளாந்தம் கேட்டுக் கேட்டுப் பழகிப் போன சங்கதிகள். பழகிப் போனதாலேயே அவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் ஒரு குழாய் முன்னறிவித்தல் இல்லாமல் திடீரென உடைவது மிக அரிது. உடைவதற்கு வாரங்களுக்கு அல்லது மாதங்களுக்கு முன்பே அது ஆடிக் காட்டிவிடும். செலவில்லாமல் கிடைக்கும் இந்த எச்சரிக்கையை எப்படி வாசிப்பது, எதனால் இது ஏற்படுகிறது, எந்த வைத்தியம் நோயைவிட ஆபத்தானது என்பவற்றைச் சிறு தொழில் முயற்சியாளர்களும் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

இரும்பும் களைத்துப் போகும்

ஒரு கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. ஆனால் அதே கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து தடவை வளைத்தால் இலகுவாக முறிந்துவிடும். இதனையே பொறியியலாளர்கள் உலோகக் களைப்பு என்கிறார்கள். தாங்கக்கூடிய பாரத்தைவிடப் பன்மடங்கு குறைந்த பாரமாக இருந்தாலும், அது திரும்பத் திரும்ப வரும்போது உலோகத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு தோன்றும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது சிறிது சிறிதாக வளரும். மீதியிருக்கும் இரும்பு பாரத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் குறைந்ததும் ஒரே நொடியில் முறிந்துவிடும்.

இந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை ஒரு சிறிய கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். நிமிடத்துக்கு 750 தடவை சுற்றும் சாதாரண பிஸ்டன் கொம்பிரசர் ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஒரு சிலிண்டர் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை காற்றைத் தள்ளினால், எட்டு மணி நேர வேலையில் குழாய்க்கு 360,000 தள்ளுகள் விழுகின்றன. வருடத்துக்கு 300 வேலை நாட்கள் என்றால் 10 கோடியே 80 இலட்சம் தள்ளுகள். கம்பியை வளைக்கும் நமது கை பத்துத் தடவையில் களைத்து விடுகிறது. கொம்பிரசரோ களைப்பதில்லை. குழாய்தான் களைக்கிறது.

இந்த வெடிப்பு எங்கே தொடங்கும் என்பதும் முக்கியம். குழாயின் நடுப்பகுதியில் அது பெரும்பாலும் தொடங்குவதில்லை. வெல்டிங் பிடித்த ஓரம், புரி வெட்டிய நிப்பிளின் முதற்புரி, தடித்த பாகம் மெல்லிய பாகத்தோடு சேரும் இடம் போன்ற, வடிவம் திடீரென மாறும் இடங்களில்தான் தொடங்கும். எனவே பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

ஆடும் குழாயைக் கண்டவுடன் குழாயையே குற்றம் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் குழாய் வெறும் தூதுவன்தான். செய்தியை அனுப்புவது வேறொன்று. பிரதானமான காரணங்கள் ஐந்து.

முதலாவது, இயந்திரத்தின் ஆட்டம். பம்பியின் தண்டும் மோட்டாரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமை, தேய்ந்த பெயாரிங், தளத்தோடு பிடித்த போல்ட் தளர்ந்திருத்தல், உள்ளே சுழலும் சக்கரத்தில் ஒரு பக்கம் தேய்ந்து நிறை மாறியிருத்தல் போன்றவற்றால் இயந்திரம் ஆடும். அதோடு பிணைக்கப்பட்ட குழாயும் ஆடும். இங்கே குழாய்க்குக் கிளாம்ப் போடுவதால் பயனில்லை. இயந்திரத்தைச் சீர் செய்ய வேண்டும்.

இரண்டாவது, துடிப்பு. பிஸ்டன் கொம்பிரசரும் பிஸ்டன் பம்பியும் தொடர்ச்சியாகத் தள்ளுவதில்லை. இதயம் இரத்தத்தைத் தள்ளுவது போல விட்டு விட்டுத் தள்ளுகின்றன. அந்தத் துடிப்பு குழாய் நெடுகிலும் ஓடி, ஒவ்வொரு வளைவிலும் மோதுகிறது. அமுக்கமானியின் முள் நிலையாக நிற்காமல் நடுங்கிக் கொண்டிருந்தால் துடிப்பு அதிகம் என்று பொருள். இதனைத் தணிப்பதற்காகவே நல்ல கொம்பிரசர்களின் வாயருகே ஒரு பெரிய போத்தல் போன்ற உருளை பொருத்தப்பட்டிருக்கும். பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் மீள்திருத்திய கொம்பிரசர் வாங்கும்போது இயந்திரத்தை மட்டும் பார்த்து விலை பேசாமல், அந்த உருளையும் கூடவே வருகிறதா என்று கேட்டுக் கொள்வது நல்லது.

மூன்றாவது, ஓட்டத்தின் குழப்பம். அரைவாசி மூடிய வால்வு, அடுத்தடுத்து வரும் வளைவுகள், தேவையைவிடச் சிறிய குழாய் என்பன உள்ளே ஓடும் நீரையோ வாயுவையோ சுழித்து ஓடச் செய்யும். பம்பிக்கு வரும் நீர் போதாதபோது உள்ளே நுண்குமிழிகள் தோன்றி உடனே நொருங்கும். பம்பிக்குள் சரளைக் கல் ஓடுவது போன்ற சத்தம் கேட்டால் அது இதுவாகத்தான் இருக்கும். அடைபட்ட வடிகட்டி, மிக நீளமான அல்லது மிக ஒடுங்கிய உறிஞ்சு குழாய், தாங்கியில் நீர் மட்டம் குறைதல் ஆகியவை இதற்கு வழமையான காரணங்கள்.

நான்காவது, பரிவு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் மெதுவாகத் தட்டினாலே அது உயர உயரப் போகும். ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் அதற்கேயுரிய ஆடும் வேகம் ஒன்று இருக்கின்றது. இயந்திரத்தின் தட்டல் அந்த வேகத்தோடு ஒத்துப் போய்விட்டால், சிறிய தட்டலே பெரிய ஆட்டமாகிவிடும். இந்த வேகத்தைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு தாங்கிகளுக்கு இடையிலான தூரத்துக்கே உரியது. மூன்று மீற்றருக்கு ஒன்றாக இருந்த தாங்கிகளில் இடையிலுள்ள ஒன்றைக் கழற்றிவிட்டால் தூரம் இரு மடங்காகும். குழாய் ஆடும் வேகமோ ஏறத்தாழ நான்கிலொன்றாகக் குறைந்துவிடும். வர்ணம் பூசும்போது கழற்றிய ஒரு கிளாம்பைத் திரும்பப் பூட்டாமல் விட்டதால் அதுவரை அமைதியாக இருந்த குழாய் ஆடத் தொடங்குவதன் இரகசியம் இதுதான்.

மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக மோட்டாருக்கு இன்வேர்ட்டர் பொருத்துவது இப்போது பரவலாகிவிட்டது. அது நல்ல காரியமே. ஆனால் முன்பு ஒரே வேகத்தில் ஓடிய பம்பி இப்போது பல வேகங்களில் ஓடுகிறது. அவற்றில் ஏதாவதொரு வேகத்தில் குழாய் பலமாக ஆடினால், அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிச் செல்லும்படி இன்வேர்ட்டரிலேயே அமைத்துக் கொள்ளலாம். பெரும்பாலான இன்வேர்ட்டர்களில் இந்த வசதி இருக்கின்றது. பொருத்துபவரிடம் கேட்டுச் செய்வித்தால் போதும்.

ஐந்தாவது காரணம் தனியாகவே பேசப்பட வேண்டியது.

தண்ணீரின் சம்மட்டி அடி

ஓடிக் கொண்டிருக்கும் நீரைத் திடீரென நிறுத்தினால், பின்னால் வரும் நீர் முழுவதும் அதன் மேல் மோதும். இதனை நீர்ச் சம்மட்டி என்பார்கள். ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1897 இல் மொஸ்கோ நகரின் நீர்க் குழாய்களில் பரிசோதனை செய்து இதன் கணக்கை வகுத்தார். இரும்புக் குழாயில் ஓடும் நீரின் வேகம் திடீரெனத் தடைப்படும்போது, வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ 12 பார் அளவில் அமுக்கம் பாய்ந்தெழும். வினாடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் 24 பார். நான்கு பார் அமுக்கத்தில் வேலை செய்யும் குழாய்க்கு அது எத்தகைய அடி என்பதை யோசித்துப் பாருங்கள். கைப்பிடியை ஒரே திருப்பாகத் திருப்பி மூடும் வால்வுகளை மெதுவாக மூட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நீராவிக் குழாயில் இது இன்னும் பயங்கரமானது. இரவு நிறுத்திய பொயிலரைக் காலையில் மூட்டும்போது, குளிர்ந்த குழாயில் நீராவி பட்டு நீராகிப் பள்ளமான இடங்களில் தேங்கும். நீராவி வினாடிக்கு 25 முதல் 40 மீற்றர் வரையான வேகத்தில் ஓடும். அதாவது மணிக்கு 90 முதல் 144 கிலோமீற்றர். அந்த வேகத்தில் தேங்கிய நீரை வாரியெடுத்துக் கொண்டு போய் அடுத்த வளைவில் அடிக்கும். அது மட்டுமன்றி, குளிர்ந்த நீருக்குள் அகப்பட்ட நீராவிக் குமிழி ஒரு கணத்தில் நீராகச் சுருங்கும்போது அந்த வெற்றிடத்தை நிரப்ப நாலா பக்கத்திலிருந்தும் நீர் பாய்ந்து மோதும்.

இதன் விளைவை நியூயோர்க் நகரம் 2007 ஜூலை 18 அன்று கண்டது. நியூயோர்க்கில் தெருக்களுக்கு அடியில் நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் மூலமே பல கட்டடங்களுக்கு வெப்பம் விநியோகிக்கப்படுகிறது. அன்று மாலை வேலை விட்டு மக்கள் வீடு திரும்பும் நேரத்தில், லெக்சிங்டன் அவெனியூவும் 41 ஆவது வீதியும் சந்திக்கும் இடத்தில், 1924 இல் பதிக்கப்பட்ட குழாய் வெடித்தது. வீதியில் பெரும் பள்ளம் விழுந்தது. நீராவியும் சேறும் கற்களும் பல மாடி உயரத்துக்குப் பீறிட்டன. ஒருவர் மாரடைப்பால் உயிரிழந்தார். 40 க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

குழாயின் முதுமையே காரணம் என்றுதான் முதலில் பலரும் எண்ணினார்கள். விசாரணையில் தெரியவந்ததோ வேறு. குழாயில் தேங்கும் நீரை வெளியேற்ற ஸ்டீம் ட்ரெப் எனும் சிறிய சாதனங்கள் உள்ளன. அதற்கு முன்னர் ஒரு பிளாஞ்சில் ஏற்பட்ட கசிவை அடைக்க உள்ளே செலுத்திய பசை, துணுக்குகளாகச் சென்று இந்த ட்ரெப்களை அடைத்துவிட்டது. வெளியேற வழியில்லாமல் நீர் தேங்கியது. தேங்கிய நீர் சம்மட்டியாகியது. ஒரு கசிவை அடைக்கப் போட்ட பசை, அடுத்த இடத்தில் குழாயையே வெடிக்க வைத்தது. எமது ஆலைகளிலும் ட்ரெப் பழுதானால் "ஆவி வீணாகிறது" என்று வால்வை மூடிவிட்டு வேலையைத் தொடரும் பழக்கம் இருக்கின்றது. இந்தச் சம்பவத்தை அறிந்தவர் எவரும் அதனைச் செய்யமாட்டார்.

முதலில் உடைவது சின்னக் குழாயே

பெரிய குழாய் ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் அநேகமாக முதலில் உடைவது அதிலிருந்து பிரியும் சின்னக் குழாய்தான். அமுக்கமானிக்குப் போகும் அரை அங்குல நிப்பிள், நீர் வடிக்கும் குழாய், காற்று வெளியேற்றும் குழாய் போன்றவை இவை. அவற்றின் நுனியில் ஒரு கனமான வால்வோ அமுக்கமானியோ தொங்கிக் கொண்டிருக்கும். மெல்லிய கொப்பின் நுனியில் பலாப்பழம் தொங்குவது போன்ற நிலைமை அது. பெரிய குழாய் சிறிதளவு ஆடினாலும் நுனியிலுள்ள பாரம் பெரிதாக ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் அடியிலுள்ள வெல்டிங்கிலோ புரியிலோ வந்து விழும்.

இது வெறும் அனுமானமல்ல. வடகடலின் பிரித்தானியப் பகுதியிலுள்ள எண்ணெய், எரிவாயு மேடைகளில் நிகழ்ந்த எரிவாயு மற்றும் எண்ணெய்க் கசிவுகளை அந்நாட்டின் தொழிற் சுகாதார, பாதுகாப்பு நிறுவனம் பதிவு செய்து வந்தது. 2000 களில் தொகுக்கப்பட்ட அத்தரவுகளின்படி 20 சதவீதத்துக்கும் அதிகமான கசிவுகளுக்குக் குழாய் அதிர்வும் களைப்பும் காரணமாக இருந்தன. பொறியியலாளர் படையே வைத்திருக்கும் எண்ணெய்க் கம்பனிகளின் நிலைமையே அதுவென்றால், வெல்டிங் பாஸ் ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் எமது நிலைமை எவ்வாறிருக்கும்?

சின்னப் பொருள் பெரிய முதலை விழுங்கிய கதைக்கு ஜப்பானின் மொஞ்சு அணு உலை சிறந்த உதாரணமாகும். அங்கே வெப்பத்தை எடுத்துச் செல்ல உருகிய சோடியம் குழாய்களில் ஓடியது. அதன் வெப்பநிலையை அளக்கும் கருவியைப் பாதுகாக்க, விரல் போன்ற ஓர் உறை குழாய்க்குள் நீட்டிக் கொண்டிருந்தது. 1995 டிசம்பர் 8 அன்று அந்த உறை முறிந்தது. அந்தச் சிறு துவாரத்தின் வழியாக ஏறத்தாழ 640 கிலோகிராம் சோடியம் வெளியேறித் தீப்பற்றியது. ஆற்றில் நட்ட கம்பு நீரோட்டத்தில் நடுங்குவது போல அந்த உறை சோடிய ஓட்டத்தில் நடுங்கி, அதன் தடிப்பு திடீரென மாறும் இடத்தில் களைத்து முறிந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. எவருக்கும் காயமில்லை. ஆனால் நிலையத்தினர் சம்பவத்தின் வீடியோக் காட்சிகளை மறைக்க முற்பட்டதும் வெளியானதால் மக்கள் நம்பிக்கையையும் இழந்தார்கள். உலை மீண்டும் இயங்க 2010 மே மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னரும் தொல்லைகள் தொடர, 2016 டிசம்பரில் அதனை நிரந்தரமாக மூடுவதென அரசாங்கம் தீர்மானித்தது.

எமது நாட்டில் அமோனியாவில் இயங்கும் ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்போர் இந்த விடயத்தில் கூடிய கவனமெடுக்க வேண்டும். அமோனியாக் கொம்பிரசர்கள் பல பிஸ்டன் வகையைச் சேர்ந்தவை. காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 300 பங்கு அமோனியா கலந்தாலே அது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என அமெரிக்கத் தொழிற் சுகாதார நிபுணர்கள் வரையறுத்துள்ளனர். ஓர் அரை அங்குலக் குழாய் முறிந்தால் மூடிய அறையொன்றில் அந்த அளவை எட்டச் சொற்ப நேரமே போதும்.

வியாபாரம் பெருகும்போது

கட்டளைகள் கூடும்போது இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுகிறோம். பெரிய பம்பியாக மாற்றுகிறோம். இரண்டாவது கொம்பிரசரையும் அதே குழாயில் பொருத்துகிறோம். குழாய் மட்டும் பழையபடியே இருக்கிறது. ஓட்டத்தின் வேகம் 20 சதவீதம் கூடினால் அது வளைவுகளில் மோதும் விசை 20 சதவீதம் அல்ல, ஏறத்தாழ 44 சதவீதம் கூடுகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை வளர்வதே இதற்குக் காரணம்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள குவாட் சிட்டீஸ் அணு மின் நிலையத்தில் 2002 இல் இரண்டாவது உலையின் உற்பத்தி ஏறத்தாழ 18 சதவீதம் உயர்த்தப்பட்டது. பல வருடங்களாகப் பிரச்சினையின்றி இருந்த நீராவி உலர்த்தி சில மாதங்களுக்குள் வெடிப்புக் கண்டது. திருத்தினார்கள்; அடுத்த வருடம் மீண்டும் வெடித்தது. வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் "பூம்" என்று ஒலி எழுகிறதல்லவா? அதே போன்று, கூடிய வேகத்தில் ஓடிய நீராவி, பாதுகாப்பு வால்வுகளுக்குப் பிரியும் கிளைக் குழாய்களின் வாயை உரசிச் சென்று பலத்த ஒலித் துடிப்பை எழுப்பியதே காரணம் எனப் பின்னர் கண்டறிந்தார்கள். முன்பு இருந்த வேகத்தில் அந்தப் போத்தல் இவ்வாறு பாடவில்லை. கூட்டிய வேகத்தில் பாடத் தொடங்கியது. எனவே உற்பத்தியைக் கூட்டிய பின்னர் முதல் சில வாரங்களுக்குக் குழாய்களைக் கூர்ந்து கவனிப்பது விரிவாக்கச் செலவின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

நோயைவிட மோசமான வைத்தியம்

ஆடும் குழாய்க்கு எமது தொழிற்சாலைகளில் வழமையாக நடக்கும் வைத்தியங்கள் மூன்று.

ஒன்று, மரக்குற்றியை இடையில் செருகுவது அல்லது கிடைத்த இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குவது. குளிர்ந்த நீர்க் குழாய்க்கு இது சில வேளைகளில் சரிப்படலாம். சூடான குழாய்க்கு இது ஆபத்து. 30 பாகை வெப்பத்தில் பொருத்திய பத்து மீற்றர் இரும்புக் குழாய் 170 பாகைக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் நீளும். நீள இடமில்லாமல் இறுக்கினால் அந்த விசை முழுவதும் அடுத்த வளைவிலோ பிளாஞ்சிலோ பம்பியின் வாயிலோ போய் விழும். ஆட்டம் நின்றுவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கும்போது வேறோர் இடம் பிளந்து கொண்டிருக்கும்.

இரண்டு, வெடிப்பின் மேலேயே வெல்டிங் பிடிப்பது. உள்ளேயிருக்கும் வெடிப்பு அப்படியே இருக்க மேலே பூச்சுப் பூசுவதற்கு ஒப்பானது இது. ஆட்டத்தின் காரணம் நீங்காதவரை புதிய வெல்டிங்கின் ஓரத்தில் மீண்டும் வெடிக்கும். வெடித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாகப் பொருத்துவதே முறை. குழாயில் அமுக்கம் இருக்கும்போது வெல்டிங் பிடிக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது.

மூன்று, வளையும் இணைப்பொன்றை இடையில் போட்டுவிடுவது. இதனை உரிய கணக்கோடும் உரிய தாங்கிகளோடும் செய்தால் பலன் கிடைக்கும். கணக்கில்லாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ தொழிற்சாலை சாட்சி. 1974 இல் அங்கே வரிசையாக இருந்த ஆறு தாங்கிகளில் ஒன்று வெடிப்புக் கண்டதால் கழற்றப்பட்டது. அதன் இரு பக்கத்தையும் இணைக்க அவசர அவசரமாக 20 அங்குலக் குழாயொன்று, இரு முனைகளிலும் வளையும் இணைப்புகளோடு பொருத்தப்பட்டது. வரைபடம் பட்டறைத் தரையில் சோக்கட்டியால் கீறப்பட்டது. விசைகள் கணக்கிடப்படவில்லை, தாங்கிகளும் போதுமானவையாக இருக்கவில்லை. இரண்டு மாதங்களின் பின்னர் ஜூன் 1 ஆம் திகதி அந்தக் குழாய் பிய்த்துக் கொண்டது. வெளியேறிய வாயு வெடித்ததில் 28 பேர் உயிரிழந்தார்கள். அது சனிக்கிழமை என்பதால் அலுவலகப் பகுதியில் ஆட்கள் குறைவு. இல்லாவிட்டால் உயிரிழப்பு இன்னும் அதிகரித்திருக்கும். அங்கே நேரடிக் காரணம் அதிர்வுக் களைப்பு அல்ல. எனினும் "தற்காலிகமாக இப்படிச் செய்து வைப்போம், பிறகு பார்ப்போம்" என்று குழாயில் கைவைக்கும் எல்லோருக்கும் அது ஒரு பாடம்.

நட்டக் கணக்கு

குழாய் உடையாமல் வெறுமனே ஆடிக் கொண்டிருந்தாலும் நட்டம் நடந்து கொண்டுதான் இருக்கிறது. அதிர்வினால் புரிகளும் பிளாஞ்சுகளும் தளர்ந்து காற்று கசியும். ஏழு பார் அமுக்கமுள்ள காற்றுக் குழாயில் மூன்று மில்லிமீற்றர் துவாரம் ஒன்றிருந்தால், கசியும் காற்றை ஈடுசெய்யக் கொம்பிரசருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாற்று மின்சாரம் தேவை. எட்டு மணி நேரம், 300 நாட்கள் என்று பார்த்தால் வருடத்துக்கு 8,400 யுனிட். உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் இதனைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்து எல்லா இணைப்புகளையும் பார்க்க ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதில் தானாகவே கிடைக்கும்.

காப்புறுதி அல்லது தகாபுல் இருக்கிறதுதானே என்று சிலர் நினைக்கலாம். திடீர் விபத்துக்குத்தான் பொதுவாக இத்தகைய ஒப்பந்தங்கள் பொறுப்பேற்கும். தேய்வு, துரு, படிப்படியாக ஏற்பட்ட சேதம் என்பன அநேகமாக விலக்கப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் ஆடியது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் எதுவும் செய்யவில்லை என்றால் நட்டஈடு கோரும்போது சிக்கல் வரலாம். உங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை இன்றே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி நீராவிக் கொதிகலன்களும் காற்றுத் தாங்கிகளும் உரிய தகைமை உடையவரால் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். சான்றிதழ் கிடைத்ததும் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பொயிலரைப் பார்க்க வருபவரிடம் அதிலிருந்து புறப்படும் குழாய்களையும், தாங்கிகளையும், ட்ரெப்களையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுமாறு கேட்டுக் கொள்வது புத்திசாலித்தனம்.

முதலாளி செய்யக்கூடியவை

1. மாதத்துக்கு ஒரு தடவையாவது, இயந்திரங்கள் ஓடும்போது குழாய் வழியே நடந்து பாருங்கள். கிளாம்ப் பிடித்த இடத்தில் உரசித் தேய்ந்த பளபளப்பு, செந்நிறத் துருத் தூள், தளர்ந்த நட், நடுங்கும் அமுக்கமானி முள், புதிதாகக் கேட்கும் சத்தம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். சூடான குழாயிலும் அமோனியாக் குழாயிலும் கை வைக்க வேண்டாம்.

2. ஆடும் குழாய்க்கு அருகில் ஒரு திகதி எழுதுங்கள். ஒரு மாதத்தின் பின் ஆட்டம் கூடியிருக்கிறதா, அதே அளவா என்று ஒப்பிடுங்கள். கையடக்கத் தொலைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ இதற்குப் போதும்.

3. தேவையற்ற சின்னக் கிளைக் குழாய்களை அகற்றிவிடுங்கள். தேவையானவற்றைக் கட்டையாக்குங்கள். அவற்றுக்குத் தாங்கி கொடுக்கும்போது சுவரிலோ கூரைத் தூணிலோ பிடிக்காமல் தாய்க் குழாயிலேயே பிடியுங்கள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து ஆடும், இடையில் முறியாது.

4. காலையில் நீராவி வால்வைத் திறக்கும்போது முதலில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, பின்னர் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். இதற்குச் செலவாகும் பத்துப் பதினைந்து நிமிடத்தை நட்டமாகக் கருத வேண்டாம். வால்வைத் திறப்பவர் புதியவரானால் அருகில் நின்று பழக்குங்கள்.

5. கழற்றிய கிளாம்ப் எல்லாம் திரும்பப் பூட்டப்பட்டதா என்று பார்த்த பின்னரே திருத்த வேலைக்கான காசைக் கொடுங்கள்.

6. ஒரே இடம் இரண்டாவது தடவையும் வெடித்தால், மூன்றாவது தடவை வெல்டிங் பாஸை அழைக்க வேண்டாம். அதிர்வை அளக்கும் கருவியுடன் ஒரு பொறியியலாளரை அழையுங்கள். இயந்திரத்துக்குரிய அளவு வேறு, குழாய்க்குரிய அளவு வேறு. ஒன்றுக்குரிய அட்டவணையை வைத்து மற்றதைத் தீர்மானிப்பவராக அவர் இருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்றிருக்கிறது. குழாய் ஆடுவதை முதலில் காண்பவர் முதலாளி அல்ல. பொயிலருக்கு விறகு போடும் தொழிலாளியும், பம்பி அறையைக் கூட்டும் பையனும்தான் முதலில் காண்கிறார்கள். "முதலாளி, அந்த பைப் முந்தி மாதிரி இல்ல, ஆடுது" என்று அவர் வந்து சொல்லும்போது, "அது எப்பவும் ஆடுறதுதானே தம்பி, நீ வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். உடைந்த குழாய்க்குப் பக்கத்தில் அன்று நிற்கப் போகிறவரும் அவர்தான். எழுந்து போய் அவரோடு சேர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றுமில்லை என்றால் ஐந்து நிமிடம் போனது. ஏதாவது இருந்தால் ஒரு உயிரும், தொழிலில் போட்ட முதலும் தப்பின.